திருநெல்வேலிச் சீமையில் பறவைகளை நேரில் பார்த்து வரைவது எப்படி: புதியவர்களுக்கான வழிகாட்டி

பறவைகளை நேரில் பார்த்து வரையக் கற்றுக்கொள்ள விரும்புபவருக்கு இணையத்தில் காணொளிகள் ஏராளமாகக் கிடைக்கின்றன. அவற்றில் பெரும்பாலானவை கைக்கெட்டும் தூரத்தில் வாத்து வந்து நிற்கும் வெளிநாட்டுப் பூங்காக்களில் எடுக்கப்பட்டவை. நம் ஊரில் நாரை நூறு அடிக்கு அப்பால் நிற்கும், காலை 9 மணிக்கே வெயில் தாளில் பட்டுக் கண் கூசும், வியர்வையில் பென்சில் கோடு இழுகும், போதாக்குறைக்கு "இங்கே உட்கார்ந்து என்ன செய்கிறீர்கள்?" என்று கேட்க ஒருவர் வந்து நிற்பார். இவற்றுக்கெல்லாம் விடை எதுவென்று எனக்குச் சொல்ல யாரும் இல்லாததால் தட்டுத்தடுமாறித்தான் கற்றுக்கொண்டேன். அதே அலைச்சல் உங்களுக்கும் வேண்டாம் என்பதற்காக இதை எழுதுகிறேன். ஓவியப் பயிற்சி ஏதும் இல்லாதவரையே மனத்தில் கொண்டிருக்கிறேன்.

1. வாங்க வேண்டியவை, வாங்கக் கூடாதவை

ஒரு நோட்டு, இரண்டு பென்சில், ஒரு பால்பாயிண்ட் பேனா, இரண்டு பைண்டர் கிளிப் ஆகியவை போதும். நோட்டு ஏ5 அளவில், கெட்டி அட்டை போட்டதாக இருக்கட்டும், ஏனெனில் குளத்தங்கரையில் மேசை கிடையாது, முழங்கால்தான் மேசை. தாள் 120 முதல் 150 ஜிஎஸ்எம் (தாளின் கனத்தைக் குறிக்கும் அளவு) வரை இருந்தால் பென்சிலுக்கும் பேனாவுக்கும் தாங்கும். கடையில் பளீரென்ற வெள்ளைத் தாளைத்தான் முதலில் எடுத்து நீட்டுவார்கள். அதை விட்டுவிட்டுச் சற்றே பழுப்பேறிய தாளைக் கேட்டு வாங்குங்கள், வெயிலில் அதன் அருமை தெரியும். பென்சிலில் எச்பி ஒன்று, 2பி ஒன்று. 6பி போன்ற மிக மென்மையான பென்சில்கள் வியர்த்த கை பட்டால் பக்கம் முழுவதையும் கறுப்பாக்கிவிடும். கிளிப் எதற்கென்று கேட்பவர்கள் ஆடி மாதக் காற்றில் நாங்குநேரி வட்டாரத்துக் குளக்கரை ஒன்றில் நோட்டை விரித்துப் பார்க்கலாம்.

இதற்கெல்லாம் 300 ரூபாயிலிருந்து 500 ரூபாய் வரை ஆகும். அழிப்பானை வீட்டிலேயே வைத்துவிடுங்கள். அழித்துக்கொண்டிருக்கும் நேரத்தில் பறவை திரும்பி நின்றுவிடும். தப்பான கோட்டின் மேலேயே சரியான கோட்டைப் போடுவதுதான் இந்த வேலையின் முறை.

பெரிய செலவு தொலைநோக்கிதான். 8×42 என்று குறித்திருப்பதை வாங்குங்கள். முதல் எண் எத்தனை மடங்கு பெரிதாகக் காட்டும் என்பது, இரண்டாவது எண் முன்கண்ணாடியின் விட்டம் மில்லிமீட்டரில். 10 மடங்கு இன்னும் நல்லதுதானே என்று தோன்றும். பறவையைப் பார்ப்பவருக்கு அது சரியாக இருக்கலாம், வரைபவருக்குச் சரிவராது. ஒரு கையில் பென்சில் இருக்க, மறு கையால் மட்டுமே தொலைநோக்கியைப் பிடிக்க வேண்டியிருப்பதால், 10 மடங்கில் கை நடுக்கமும் அதற்கேற்பப் பெரிதாகத் தெரியும். ஓரளவு நல்ல 8×42 தொலைநோக்கி சுமார் 6,000 முதல் 10,000 ரூபாய் வரை வரும். திருவிழாக் கடைகளிலும் இணையத்திலும் 1,000 ரூபாய்க்கு விற்கும், முன்கண்ணாடி செக்கச்செவேலென்று மின்னும், "30×60" என்றெல்லாம் அச்சிட்ட பொருளில் பணத்தைப் போடாதீர்கள். அதில் நிறமும் தெரியாது, விளிம்பும் தெளியாது. கையில் பணம் இல்லையென்றால் தொலைநோக்கியே இல்லாமல் தொடங்கலாம், அதற்கேற்ற இடங்களைக் கீழே சொல்கிறேன்.

வண்ணப் பெட்டி முதல் சில மாதங்களுக்கு வேண்டவே வேண்டாம்.

2. எந்த மாதம், எந்த இடம், எந்த நேரம்

நம் பக்கத்துக் குளங்கள் வடகிழக்குப் பருவமழையிலும் அணைத் தண்ணீரிலும் பெருகுபவை. ஐப்பசி, கார்த்திகையில் மழை கொட்டும்போது தண்ணீர் பரந்து கிடப்பதால் பறவைகளும் சிதறிக்கிடக்கும். வரைபவருக்கு உகந்த காலம் டிசம்பர் கடைசியில் தொடங்குகிறது. வலசை வரும் வாத்துகள் ஜனவரி, பிப்ரவரியில் நிறைந்திருக்கும். அதன் பிறகு தண்ணீர் வற்ற வற்றப் பறவைகள் மிச்சமிருக்கும் இடத்தில் வந்து கூடும். நாரைகளும் கூழைக்கடாக்களும் கூடுகட்டிக் குஞ்சு வளர்க்கும். கோடை முற்றிக் குளம் காய்ந்துவிட்டால் ஊருக்குள் இருக்கும் கரிச்சானும் மைனாவும்தான் கதி. அதுவும் நல்ல பயிற்சியே.

முதல் இடமாகக் கூந்தன்குளத்தைச் சொல்வேன். 1994இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்டு, 2022இல் ராம்சார் பட்டியலில் (உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் பட்டியல்) சேர்ந்த இடம் என்பதைவிட வரைபவருக்கு முக்கியமான செய்தி, அங்கே பறவைகள் ஊருக்குள், வீட்டு முற்றத்து மரங்களிலேயே கூடுகட்டுகின்றன என்பதுதான். சங்குவளை நாரை தெருவிலிருந்து வெறுங்கண்ணுக்கே முழுதாகத் தெரியும். தொலைநோக்கி இல்லாதவர் இங்கேதான் தொடங்க வேண்டும். திருநெல்வேலியிலிருந்து மூலைக்கரைப்பட்டி வழியாகப் போகலாம். பேருந்து அடிக்கடி கிடையாது என்பதால் திரும்பும் நேரத்தை இறங்கும்போதே நடத்துநரிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, தாமிரபரணியும் கடனா நதியும் கூடும் திருப்புடைமருதூர். கோயிலை ஒட்டிய மருத மரங்களிலும் இலுப்பை மரங்களிலும் நாரைகள் அடையும். 2005இல் பறவைகள் காப்பிடமாக அறிவிக்கப்பட்ட அந்த நிலத்தின் பரப்பு 2.84 ஹெக்டேர்தான், ஆகவே நடந்து தேட வேண்டியதே இல்லை. செங்கோட்டை ரயிலில் வீரவநல்லூர் வரை போய் அங்கிருந்து ஆட்டோ பிடிக்கலாம். மரங்கள் உயரமானவை என்பதால் பறவையை அடியிலிருந்து அண்ணாந்து பார்க்கும் கோணம்தான் கிடைக்கும். அந்தக் கோணத்தில் வயிறு பெரிதாகவும் தலை சிறிதாகவும் தெரியுமாதலால், தொடக்கத்தில் இது கொஞ்சம் கடினம்.

திருநெல்வேலி நகரிலேயே இருப்பவர்களுக்கு டவுன் நயினார்குளமும் புதிய பேருந்து நிலையத்தை ஒட்டிய வேய்ந்தான்குளமும் கைவசம் உண்டு. வாரநாள் காலையில் வேலைக்குப் போகும் முன் அரைமணி நேரம் வரைய இவை போதும்.

நேரம் காலை 6 முதல் 8:30 வரை, மாலை 4 முதல் பொழுது சாயும் வரை. நடுப்பகலில் வெள்ளைப் பறவையின் மேல் நிழலே விழாது. நிழல் இல்லாவிட்டால் உருண்டை எங்கே, தட்டை எங்கே என்று கண்ணுக்குத் தெரியாது. எப்போதும் சூரியன் உங்கள் முதுகுப் பக்கமோ தோள்பக்கமோ இருக்கும்படி உட்காருங்கள், ஆகவே காலையில் குளத்தின் கிழக்குக் கரை, மாலையில் மேற்குக் கரை.

3. அனுமதி, ஆவணம், ஊர்க்காரர்

ஊர்க்குளங்களின் கரையில் உட்கார்ந்து வரைய எழுத்துமூல அனுமதி யாரும் கேட்பதில்லை. ஆனால் பெரும்பாலான குளங்களில் மீன்பாசிக் குத்தகை (மீன் பிடிக்கும் உரிமை) உண்டு. காவலுக்கு இருப்பவரிடம் போன உடனே ஒரு வார்த்தை சொல்லிவிடுவது நல்லது. நோட்டும் கையுமாக ஒருவர் கரையில் உட்கார்ந்திருந்தால் நிலத்தை அளக்க வந்தவர் என்றுதான் முதலில் நினைப்பார்கள். "என்ன அண்ணாச்சி, ரோடு போடப் போறாவளா?" என்று கேட்டால் விளக்கம் சொல்வதைவிட நோட்டைத் திறந்து காட்டுவதே விரைவான வழி. கொக்குப் படத்தைப் பார்த்ததும் முகம் மாறிவிடும். அடுத்து அவர் சொல்வது பெரும்பாலும் எந்த மடைப் பக்கம் பறவை அதிகம் வரும் என்ற தகவலாகவே இருக்கும்.

ஆதார் நகல் ஒன்றையும், உங்கள் பெயர், ஊர், கைப்பேசி எண், வந்த நோக்கம் ஆகியவற்றைத் தமிழில் எழுதிய ஒரு பக்கத் தாளையும் நோட்டின் பின்னட்டைக்குள் எப்போதும் வைத்திருங்கள். தனியாகச் செல்லும் பெண்கள் ஒதுக்குப்புறக் கரைகளைத் தவிர்த்து, கூந்தன்குளம் போல் ஊரோடு ஒட்டிய இடங்களையோ துணையோடு செல்வதையோ தேர்ந்துகொள்ளலாம்.

களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகத்துக்குள் வரைய விரும்பினால் நிலைமை வேறு. சுற்றுலாப் பயணியாக அனுமதிக்கப்பட்ட இடங்களைத் தாண்டி உள்ளே போகவோ தங்கவோ வனத்துறையின் முன் அனுமதி கட்டாயம். அதற்கு அம்பாசமுத்திரம், களக்காடு ஆகிய கோட்டங்களின் அலுவலகங்களை அணுக வேண்டும். விண்ணப்பத்தில் நாள், இடம், நோக்கம், உடன் வருபவர் பெயர் எல்லாம் கேட்பார்கள். விடை வர எத்தனை நாளாகும் என்பது பருவத்தைப் பொறுத்தது. தீப்பருவத்தில் காட்டையே மூடிவிடுவதும் உண்டு. என் கருத்தில் முதல் ஓராண்டுக்குக் காடு வேண்டாம். காட்டுப் பறவை உச்சிக்கிளையில் இலைக்குள் ஒளிந்து நின்று குரலை மட்டும் கொடுக்கும். அதை வைத்து எதை வரைவது?

இனிச் சொல்லப்போவதைக் கவனமாகப் படியுங்கள். விஜயநாராயணம் பக்கத்தில் ஐஎன்எஸ் கட்டபொம்மன் கடற்படைத் தளம் இருக்கிறது. மகேந்திரகிரியில் இஸ்ரோ வளாகமும் கூடங்குளத்தில் அணுமின் நிலையமும் இருக்கின்றன. இவற்றின் சுற்றுப்புறத்திலும் குளங்கள் உண்டு, பறவைகளும் உண்டு. 1923ஆம் ஆண்டின் அலுவல்முறை இரகசியச் சட்டம், தடைசெய்யப்பட்ட இடங்களைப் பொறுத்தவரை, கையால் வரைபடம் வரைவதையும் குறிப்பெடுப்பதையும் வெளிப்படையாகவே குறிப்பிடுகிறது. தொலைநோக்கியும் வரைநோட்டும் குறிப்புகளுமாக ஒருவர் வேலிக்கு அருகில் உட்கார்ந்திருந்தால், "நான் நாமக்கோழி வரைகிறேன்" என்ற பதில் காவலருக்கு எப்படி ஒலிக்கும் என்று எண்ணிப்பாருங்கள். எச்சரிக்கைப் பலகை கண்ணில் பட்டால் வண்டியை நிறுத்தாமல் கடந்து போய்விடுங்கள். படத்தின் பின்னணியில் கோபுரமோ மதிலோ வரும் இடத்தில் உட்காரவே வேண்டாம்.

1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் காட்டுப் பறவைகளின் முட்டையையும் கூட்டையும் தொந்தரவு செய்வதை வேட்டையாடுவதாகவே கணக்கில் கொள்கிறது. கூட்டுக்கு நேர் அடியில் போய் நிற்பதற்கோ, குஞ்சு தெரியட்டும் என்று கிளையை அசைப்பதற்கோ எந்தச் சமாதானமும் இல்லை. தாய் எழுந்து பறந்துவிட்டால் பங்குனி வெயிலில் குஞ்சு வாடிப்போகும். கீழே விழுந்த இறகை நோட்டில் ஒட்டி வைக்கும் ஆசையும் வரும். அதைக் கிடந்த இடத்திலேயே வைத்து வரைந்துவிட்டு வருவது வம்பில்லாத வழி.

4. பென்சிலை எடுக்கும் முன்

போய் உட்கார்ந்த முதல் பத்து நிமிடம் எதையும் வரையாதீர்கள். நீங்கள் வந்ததைப் பறவைகள் பார்த்திருக்கும். குறிப்பாக ஆள்காட்டிக் குருவி பார்த்துவிட்டால் குளம் முழுக்கச் சேதி பரப்பிவிடும். அது அடங்கும் வரை மற்றவையும் கழுத்தை நிமிர்த்தியே நிற்கும். அந்த மிரண்ட நிலையை வரைந்தால் எல்லாப் பறவையும் ஒரே மாதிரி இருக்கும். வெள்ளைச் சட்டையைத் தவிர்த்து, மரநிழலிலோ மறுகால் (குளத்தின் உபரிநீர் வழியும் இடம்) சுவரை ஒட்டியோ உட்கார்ந்து, கையை மட்டும் அசையுங்கள்.

அந்தப் பத்து நிமிடத்தில் ஒரே ஒரு பறவையைத் தேர்ந்து, அது எந்தெந்த நிலைகளை மாற்றி மாற்றி எடுக்கிறது என்று பாருங்கள். நாரை நிற்கும், இறகு கோதும், தலையை முதுகில் சாய்க்கும், மறுபடி நிற்கும். இந்த நான்கு நிலைகளும் திரும்பத் திரும்ப வரும் என்பதைக் கண்டுகொண்டால் பாதி வேலை முடிந்தது.

5. கோடு போடும் வரிசை

புதியவர்கள் கிட்டத்தட்ட எல்லோருமே கண்ணிலிருந்தும் அலகிலிருந்தும் தொடங்குகிறார்கள். கண்ணை அழகாக முடிப்பதற்குள் பறவை திரும்பிவிடும், பிறகு அந்தக் கண்ணுக்கு ஓர் உடம்பைக் கற்பனையாகச் சேர்க்க வேண்டியதாகும். வரிசையை மாற்றுங்கள்.

முதலில் உடம்பின் சாய்வைக் காட்டும் ஒரே ஒரு கோடு. நீர்க்காகம் பாறையில் நிற்கும்போது அந்தக் கோடு ஏறக்குறைய நிமிர்ந்திருக்கும். நாமக்கோழி நீந்தும்போது படுத்திருக்கும். அந்தக் கோட்டின் மேல் முட்டை வடிவம் ஒன்று. பிறகு கழுத்து உடம்பில் எங்கே வந்து சேர்கிறது என்று பார்த்துக் கழுத்து, பிறகு தலைக்கு ஒரு சிறு வட்டம், கடைசியில் அலகு. இவ்வளவும் அரை நிமிடத்துக்குள் முடிய வேண்டும். அலகின் நீளம் எப்போதும் ஏமாற்றும். கையை நீட்டிப் பென்சிலால் தலையின் நீளத்தை அளந்து, அலகு அதில் எத்தனை மடங்கு என்று பார்த்துப் போடுங்கள். சங்குவளை நாரையின் அலகு நுனியில் லேசாகக் கீழ்நோக்கி வளையும். அந்த வளைவை விட்டுவிட்டால் படம் வேறு நாரையாகிவிடும். நத்தைகுத்தி நாரையின் இரண்டு அலகுகளுக்கும் நடுவில் இடைவெளி இருக்கும். அந்த இடைவெளியை வெற்றிடமாக விட்டாலே அடையாளம் வந்துவிடும்.

கால்களுக்குத் தனியாகச் சில சொற்கள். நாரையின் கால் நடுவில் பின்பக்கமாக மடங்கும் மூட்டை நாம் முழங்கால் என்று நினைக்கிறோம், அது கணுக்கால். உண்மையான முழங்கால் மேலே வயிற்று இறகுக்குள் மறைந்திருக்கிறது. இதைத் தெரிந்துகொள்ளாத வரை கால் எப்போதும் ஒட்டவைத்த குச்சியாகவே தோன்றும். அடுத்து, பறவை விழாமல் நிற்க வேண்டுமானால் உடம்பின் எடை மையத்துக்கு நேர் கீழே பாதம் இருந்தாக வேண்டும். ஒற்றைக்காலில் நிற்கும் நாரையை வரைந்துவிட்டு, முட்டை வடிவத்தின் நடுவிலிருந்து நேர் கீழே ஒரு மெல்லிய கோடு இழுத்துப் பாருங்கள். பாதம் அந்தக் கோட்டைவிட்டு வெகுதூரம் விலகியிருந்தால், பிழை காலில் இல்லை, பெரும்பாலும் நீங்கள் போட்ட முதல் சாய்வுக் கோட்டில்தான் இருக்கும்.

பறவை அசைந்துவிட்டால் அந்தப் படத்தை அப்படியே விட்டுவிட்டுப் பக்கத்திலேயே புதிய நிலையைத் தொடங்குங்கள். ஒரே பக்கத்தில் நான்கைந்து அரைகுறைப் படங்கள் இருக்கும். பறவை பழைய நிலைக்குத் திரும்பும்போது நீங்களும் பழைய படத்துக்குத் திரும்பலாம். கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டு வீட்டில் நிதானமாக வரையலாமே என்று கேட்பவர்கள் உண்டு. அது வேறு பொழுதுபோக்கு. ஒளிப்படத்தைப் பார்த்து எழுதிய படத்தில் இறகெல்லாம் சரியாக இருக்கும், பறவைக்கு எடையே இருக்காது. முழுமையடையாத பத்துக் கோடுகள் நேரில் போட்டவையாக இருந்தால் அவற்றில் அந்த எடை வந்துவிடுகிறது.

இறகுகளை ஒவ்வொன்றாக வரைய முயலாதீர்கள். தோள் இறகுத் தொகுதி, இறக்கையை மூடும் சிற்றிறகுத் தொகுதி, நீண்ட பறப்பிறகுகள் என்று மூன்று நான்கு பெரும் தொகுதிகளின் எல்லையைக் காட்டினால் போதும்.

6. எந்தப் பறவைக்குப் பிறகு எது

அசையாமல் நிற்பவற்றில் தொடங்குங்கள்: கூட்டில் நிற்கும் நாரை, கரையில் தவமிருக்கும் மடையான், இறக்கையை விரித்துக் காயவைக்கும் நீர்க்காகம், பாம்புத்தாரா. கூட்டில் இருக்கும் நாரை மதிய வெயிலுக்கு முன்பே இறக்கையைக் குடைபோல் விரித்துக் குஞ்சுகளுக்கு நிழல் தரும். அந்த நிலையில் அது நீண்ட நேரம் நிற்குமாதலால், புதியவருக்கு அதைவிடப் பொறுமையான மாதிரி கிடைக்காது. நிழலுக்குள் குஞ்சுகளின் தலை மட்டும் தெரிவதையும் விட்டுவிடாதீர்கள்.

அடுத்தது நீந்துபவை. புள்ளிமூக்கு வாத்துக்கும் நாமக்கோழிக்கும் கால் தண்ணீருக்குள் இருப்பதால் பாதிச் சுமை குறைகிறது. நீர்மட்டக் கோடு எங்கே உடம்பை வெட்டுகிறது என்பதில் மட்டும் கவனம் வேண்டும். கூந்தன்குளத்துக்கு வலசை வரும் வரித்தலை வாத்துக்குப் பின்தலையில் இரண்டு கறுப்புப் பட்டைகள் உண்டு. அது பக்கவாட்டில் திரும்பும் வரை காத்திருங்கள்.

பிறகு நடப்பவை. பிசானப் பருவ நெல் நடவுக்கு வயலை உழும்போது டிராக்டருக்குப் பின்னால் வரிசையாக வரும் கொக்குகளை வரப்பிலிருந்து வரையலாம். அதன் பிறகு கரிச்சானும் பஞ்சுருட்டானும்: இவை பூச்சியைப் பிடிக்கப் பறந்தாலும் பெரும்பாலும் அதே கம்பிக்கே திரும்பி வரும் என்பதால், காலியான கம்பியை முதலில் வரைந்து வைத்துக்கொண்டு காத்திருக்கலாம். பறக்கும் பறவை கடைசிப் பாடம். நாரை கழுத்தை நீட்டிப் பறக்கும், கொக்கு மடித்துப் பறக்கும் என்ற ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டு, பத்து விநாடி பார்த்துவிட்டுக் கண்ணை மூடி, மனத்தில் நிற்பதை மட்டும் வரையுங்கள்.

7. படத்தின் ஓரத்தில் எழுத வேண்டியவை

தேதி, குளத்தின் பெயர், நேரம், வெயில் எந்தப் பக்கம், தோராயத் தூரம் ஆகிய ஐந்தும் ஒவ்வொரு பக்கத்திலும் இருக்க வேண்டும். நிறத்தைச் சொல்லால் எழுதி அம்புக்குறி போடுங்கள். "முகம்: தோல், ஆரஞ்சுச் சிவப்பு. அலகு: மஞ்சள். மார்பில் கறுப்பும் வெள்ளையுமான பட்டை. வால் பக்கம் ரோஜா நிறம்" என்று எழுதியிருந்தால் சங்குவளை நாரைக்கு வீட்டில் எப்போது வேண்டுமானாலும் வண்ணம் ஏற்றலாம். பெயர் தெரியாத பறவைக்குப் பெயரை ஊகித்து எழுதிவிடாதீர்கள், அடையாளத்தை எழுதுங்கள். பறவையை அடையாளம் காட்டும் மெர்லின் செயலியில் பிறகு சரிபார்த்துக்கொள்ளலாம்.

8. வீடு திரும்பிய பின்

அன்றே, குளிப்பதற்கு முன்பே என்று கூடச் சொல்வேன், நோட்டைத் திறந்து விட்டுப்போன குறிப்புகளை எழுதிவிடுங்கள். மறுநாள் அந்தப் பக்கம் வேறு யாரோ வரைந்ததுபோல் இருக்கும். ஆனால் களத்தில் போட்ட கோட்டைத் திருத்தாதீர்கள். திருத்த வேண்டுமென்றால் வேறு தாளில் புதிதாக வரையுங்கள். பென்சில் படங்களுக்கு நடுவில் வெண்ணெய்த் தாள் வைத்தால் ஒன்றின் கறை மற்றொன்றில் ஒட்டாது. மழைக்காலத்தில் நோட்டைப் பிளாஸ்டிக் உறையில் மூடி வைப்பதைவிடக் காற்றோட்டமான அலமாரியில் நிறுத்தி வைப்பது நல்லது, உறைக்குள் ஈரம் தங்கிப் பூஞ்சை பிடித்துவிடும்.

ஒரு பருவம் முழுவதும் வரைந்து, பறவைகளை ஓரளவு இனம் பிரிக்கத் தெரிந்துவிட்டால், ஜனவரியில் தாமிரபரணிப் படுகைக் குளங்களில் நடக்கும் நீர்ப்பறவைக் கணக்கெடுப்பில் தன்னார்வலராகச் சேரலாம். டிசம்பரிலேயே அறிவிப்பைக் கவனித்துப் பெயர் கொடுத்துவிட வேண்டும். தனியாகப் போகத் தயங்கும் குளங்களுக்கெல்லாம் அந்த நாட்களில் குழுவோடு போக முடியும். எண்ணும் வேலை காலையில் முடிந்துவிட்டால், மாலை வெயில் வரும் வரை அதே கரையில் உட்கார்ந்து வரையலாம். மதியச் சாப்பாட்டைக் கையோடு கட்டிக்கொண்டு போய்விடுங்கள்.